பி7 மந்திரி: ஆனந்த் கறுப்பில் வென்ற 23 நகர்வுகள்

சதுரங்கத்தில், ராணி முன் சிப்பாயை டி4இல் (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை) நிறுத்தி வெள்ளை தொடங்கும் ஆட்டங்களில் கறுப்புக்கு ஒரு பழைய தலைவலி உண்டு. சி8 கட்டத்து மந்திரிதான் (பிஷப்) அது. டி5 சிப்பாய்க்குத் துணையாக இ6 நகர்த்தினால் அந்த மந்திரியின் ஒரு பக்கம் அடைபடும். சி6உம் நகர்த்திவிட்டால், பி7 வழியாக வெளியே வரலாம் என்ற நம்பிக்கையும் போய்விடும். செமி-ஸ்லாவ் தற்காப்பில் கறுப்பு இந்த இரண்டு சிப்பாய்களையும் மனமறிந்தே நகர்த்துகிறது. நடுப்பலகையில் உறுதி கிடைக்கிறது. விலையாக ஒரு காய் சிறைப்படுகிறது. எனவே இந்தத் தற்காப்பை எடுப்பவர்கள் தொடக்கத்திலிருந்தே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த மந்திரி எப்போது, எந்த வழியாக வெளியே பார்க்கப் போகிறது?

2013 ஜனவரி 15 அன்று நெதர்லாந்தின் விக் ஆன் ஜீயில் நடந்த டாடா ஸ்டீல் போட்டியின் நான்காவது சுற்றில் லெவோன் ஆரோனியனுக்கு எதிராக விஸ்வநாதன் ஆனந்த் ஆடிய ஆட்டம், இந்தக் கேள்விக்கு நான் பார்த்தவற்றிலேயே முழுமையான பதில். பலரும் இதை ஆனந்தின் தியாக விளையாட்டாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். தியாகங்கள் இருக்கின்றன, கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் அவை ஒவ்வொன்றும் பலிக்கக் காரணம், பி7இல் போய் அமர்ந்த பின் கடைசிவரை அசையாமல் இருந்த ஒரு மந்திரி.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனந்த் அப்போது உலக சாம்பியன். 2012 மே மாதம் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபாண்டுடன் ஆடிய போட்டி 12 ஆட்டங்களில் 6-6 என்று சமநிலையில் நின்று, ரேபிட் எனப்படும் குறுகிய நேர ஆட்டங்களில் 2.5-1.5 என்று அவர் பக்கம் சாய்ந்தது. பட்டம் தப்பியது, ஆனால் 12 ஆட்டங்களில் ஒன்றைத்தானே வென்றார், பழைய வேகம் போய்விட்டது என்ற பேச்சு பரவலாக எழுந்தது. ஆரோனியனோ 2800 ரேட்டிங்கைத் தாண்டியவர். அடுத்த சவாலாளராக வரக்கூடியவர்களில் முன்னணியில் பேசப்பட்டவர். அந்த ஜனவரியில் அவருக்கு வெள்ளைக் காய்கள்.

தொடக்கம் இப்படிப் போனது (× என்றால் எதிராளியின் காயை எடுப்பது; எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்வு): 1. டி4 டி5 2. சி4 சி6 3. குதிரை எஃப்3, குதிரை எஃப்6 4. குதிரை சி3, இ6 5. இ3, குதிரை டி7 6. மந்திரி டி3, டி×சி4 7. மந்திரி×சி4, பி5 8. மந்திரி டி3.

இதுதான் செமி-ஸ்லாவின் மெரான் வழி. 1924இல் இத்தாலியின் மெரானோ நகரப் போட்டியில் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்டுக்கு எதிராக அகிபா ரூபின்ஸ்டைன் கறுப்பில் ஆடியதால் வந்த பெயர். ரூபின்ஸ்டைன் என்ற பெயரை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆட்டத்தின் கதையில் அவர் இன்னொரு முறையும் வருவார். மெரானின் அடிப்படை எளிது. வெள்ளை மந்திரி டி3க்கு வரும்வரை காத்திருந்து, பிறகு சி4 சிப்பாயை எடுத்தால் அந்த மந்திரி இரண்டாம் முறை நகர வேண்டியிருக்கும். பி5 என்று அதை விரட்டினால் மூன்றாம் முறையும் நகரும். கிடைத்த நேரத்தில் கறுப்பு பி7 கட்டத்தைத் தன் மந்திரிக்குத் திறந்துகொள்கிறது. இனி சி6 சிப்பாயை சி5க்குத் தள்ளிவிட்டால், பி7இலிருந்து எச்1 மூலைவரை நீளும் மூலைவிட்டம் திறந்துவிடும். தள்ள முடியாமல் போனால் கறுப்பின் பாடு திண்டாட்டம்தான். மெரானில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சிப்பாய் நகர்வைச் சுற்றியே நடக்கின்றன.

எட்டாவது நகர்வில் ஏ6 என்பது பழைய பாதை. ஆனந்த் 8...மந்திரி டி6 என்றார். அடுத்து 9. வெள்ளை கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம்மாறி ராஜாவைக் காப்பது), கறுப்பும் கேஸ்லிங் 10. ராணி சி2, மந்திரி பி7 11. ஏ3, யானை சி8. இந்த நிலையில் பலகையைப் பார்த்தால் கறுப்பின் எண்ணம் ஒளிவுமறைவில்லாமல் தெரியும். யானை சி8இல் நின்று, சி வரிசையில் எதிரே இருக்கும் வெள்ளை ராணியைக் குறி வைக்கிறது. இரண்டு மந்திரிகளும் அடுத்தடுத்த மூலைவிட்டங்களில் நின்று வெள்ளை ராஜாவின் பக்கம் பார்க்கின்றன. கறுப்பின் சொந்தக் காய்களில் இடையில் இருப்பது சி6 சிப்பாய் மட்டுமே.

வெள்ளைக்கு இங்கே பி4 நகர்த்தி சி5ஐத் தடுக்கும் வழி உண்டு. ஆரோனியன் 12. குதிரை ஜி5 என்று எச்7ஐத் தாக்கினார். டி3 மந்திரியும் சி2 ராணியும் அதே எச்7ஐப் பார்த்து நிற்பதால், கறுப்பு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தோன்றும். மந்திரியை எச்2இல் கொடுத்து, குதிரை ஜி4 செக், பிறகு ராணியால் ஜி5 குதிரையை எடுப்பது ஒரு வழி; சிப்பாய் லாபம் கிடைத்தாலும் கறுப்பு ராணி தனியாக வெளியே வந்துவிடுகிறது, எச்2இல் கொடுத்த மந்திரி திரும்ப வராது.

ஆனந்த் 12...சி5 என்றார். எச்7 போனால் போகட்டும்!

இது பலகையில் உதித்த யோசனை அன்று. கெல்ஃபாண்ட் போட்டிக்காக உதவியாளர்களுடன் சேர்ந்து தயாரித்து, அங்கே பயன்படாமல் எஞ்சிய சரக்கு என்பதை ஆனந்தே பின்னர் சொன்னார். பீட்டர் ஹைனே நீல்சன், ருஸ்தம் காசிம்ஜானோவ், சூர்ய சேகர் கங்குலி, ராடோஸ்லாவ் வோய்தாஷெக் ஆகியோர் கொண்ட அணி அது. ‘வீட்டுப் பாடம்தானே’ என்று இதனால் ஆட்டத்தின் மதிப்பைக் குறைப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பாது. பல மாதங்களுக்கு முன் பார்த்த வரிசைகளில் எது எதற்கு முன்னால் வர வேண்டும் என்பதைக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடி கண்டுபிடிப்பது, புதிதாகக் கண்டுபிடிப்பதை விடச் சிறிய வேலை அன்று. இந்த நிலைகளில் ஒரு நகர்வு முன்பின்னானாலும் கறுப்பு ஒரு யானை குறைவாக நிற்கும்.

13. குதிரை×எச்7. இதற்கு வழக்கமான பதில் எச்7இல் குதிரையைக் குதிரையால் எடுப்பது. அப்போது மந்திரி செக்கோடு திருப்பி எடுக்கும். கறுப்புக்கு ஒரு சிப்பாய் போனதுதான் மிச்சம். ஆனந்த் அதைக் கண்டுகொள்ளாமல் 13...குதிரை ஜி4 என்றார். எஃப்8 யானை தாக்கப்பட்டு நிற்கிறது, அதையும் அப்படியே விட்டுவிட்டார்.

யானையை எடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். பி7 மந்திரியின் வேலை முதல்முறை தெரிவது இங்கேதான். 14. குதிரை×எஃப்8, மந்திரி×எச்2 செக் 15. ராஜா எச்1, ராணி எச்4. இப்போது எச்2 மந்திரி ஜி3க்கு விலகினாலே ராணியின் செக் விழும். ராஜா ஜி1க்கு ஓடினால் ராணி எச்2இல் மேட், அதாவது ராஜா தப்ப வழியின்றி ஆட்டம் முடிந்தது. ஜி4 குதிரை அந்தக் கட்டத்தைக் காக்கிறது. ஜி3 என்று சிப்பாயைத் தள்ளி மறிக்கலாமே என்றால், முடியாது. ஜி2 சிப்பாய் அசைந்த கணமே பி7 மந்திரிக்கு எதிரே ராஜா நேராக நிற்பார். அதாவது, அந்தச் சிப்பாய் சட்டப்படியே நகர முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. 14. எச்3 என்று குதிரையை விரட்டினாலும் இதே கதை: மந்திரி எச்2 செக், ராஜா எச்1, ராணி எச்4, ஜி4 குதிரையை எடுத்தால் மந்திரி ஜி3இல் விலகி செக், அடுத்து எச்2இல் மேட்.

ஆகவே 14. எஃப்4. டி6 மந்திரியின் வழியை அடைத்தாயிற்று. ஆனால் எஃப்2 கட்டம் காலியாகிவிட்டதால் ஏ7-ஜி1 மூலைவிட்டத்தின் வாசல் திறந்தது. ஆனந்த் 14...சி×டி4 15. இ×டி4 என்று மாற்றிக்கொண்டு, 15...மந்திரி சி5 என்று அதே மந்திரியைப் புதிய வழிக்குக் கொண்டுவந்தார். வெள்ளை ஒரு கதவைச் சாத்தியது. மந்திரி பக்கத்துக் கதவில் வந்து நின்றது.

சி5 மந்திரியை டி4 சிப்பாய் தாராளமாக எடுக்கலாம். 16. டி×சி5, குதிரை×சி5 என்று போனால் குதிரை டி3 மந்திரியைத் தாக்குகிறது, டி வரிசை திறந்து ராணி டி4இல் செக் தரத் தயாராகிறது, சி வரிசையில் யானை பின்னால் காத்திருக்கிறது. காய்க் கணக்கில் வெள்ளை முன்னால். ஆனால் அதன் காய்களில் ஒன்றுக்கொன்று துணை நிற்பவை இல்லை. ஆரோனியன் 16. மந்திரி இ2 என்று ஜி4 குதிரையைத் தாக்கினார்.

16...குதிரை எஃப்6 அல்ல, 16...குதிரை டி7-இ5!

புகழ்பெற்ற நகர்வு இது. இந்த நிலையை ஒருமுறை பலகையில் அடுக்கிப் பார்த்துவிடுங்கள். சி5 மந்திரி, இ5 குதிரை, ஜி4 குதிரை, எஃப்8 யானை ஆகிய நான்கு கறுப்புக் காய்களும் ஒரே நேரத்தில் தாக்குதலில் நிற்கின்றன. எதை எடுப்பது? டி4 சிப்பாய் இ5 குதிரையை எடுக்க முடியாது. விலகினால் சி5 மந்திரி ராஜாவுக்குச் செக். எஃப்4 சிப்பாயால் எடுக்கலாம். எடுத்தால் 17...ராணி×டி4 செக் 18. ராஜா எச்1, ராணி ஜி1 செக்! மந்திரி காக்கும் கட்டம் என்பதால் ராஜா எடுக்க முடியாது, 19. யானை×ஜி1, குதிரை எஃப்2 மேட். மூலையில் நிற்கும் ராஜாவைச் சுற்றி அவருடைய யானையும் இரண்டு சிப்பாய்களும். இதில் நான் ரசிப்பது இன்னொன்று: ஒரு நகர்வுக்கு முன் மந்திரி இ2க்கு வராமல் இருந்திருந்தால் சி2 ராணி இரண்டாம் வரிசை வழியாக எஃப்2ஐக் காத்திருக்கும். ஜி4 குதிரையை விரட்ட வந்த மந்திரியே ராணியின் பார்வையை மறைத்துவிட்டது.

சி5 மந்திரியை எடுத்தாலும் ராணி டி4இல் செக், பிறகு எஃப்2இல் குதிரை. எனவே 17. மந்திரி×ஜி4, மந்திரி×டி4 செக். எடுத்ததை உடனே திருப்பி எடுக்காமல் முதலில் செக் வைத்து ராஜாவை எச்1 மூலைக்கு அனுப்பிவிட்டு, 18. ராஜா எச்1, குதிரை×ஜி4. ராஜா இப்போது பி7 மந்திரியின் நேர்க்கோட்டில். இடையில் ஜி2 சிப்பாய் மட்டும். டி4 மந்திரி ஜி1ஐ மூடிவிட்டது. அவர் இனி அந்த மூலையை விட்டு வரவே இல்லை.

19. குதிரை×எஃப்8. கடைசியில் யானையும் போயிற்று. கணக்குப் பார்த்தால் கறுப்பு ஒரு முழு யானை குறைவு. எஃப்8 குதிரையை ராஜாவால் எடுத்துவிடலாமே என்று கை பரபரக்கும். அங்கேதான் வெள்ளையின் ஒரே பொறி இருக்கிறது: சி2 ராணி எச்7க்கு வந்துவிடும், அங்கிருந்து ஜி7உம் எச்8உம் அதன் கைக்கெட்டும்.

ஆனந்த் 19...எஃப்5 என்றார். தியாகங்களை எல்லாரும் பாராட்டிவிட்டார்கள். எனக்கு இந்த ஆட்டத்தின் உச்சம் இந்தச் சிப்பாய் நகர்வுதான். செக் இல்லை, எதையும் எடுக்கவில்லை, ஒரு யானை குறைவாக இருக்கும்போது ஒரு சிப்பாயை நிதானமாக இரண்டு கட்டம் தள்ளுகிறார். அந்தச் சிப்பாய் சி2-எச்7 மூலைவிட்டத்தை வெட்டுகிறது. வெள்ளை ராணியின் தாக்குதல் அங்கேயே முடிகிறது. ஜி4 குதிரைக்கு அது காவல். சி3 குதிரை இ4க்கு வந்து பி7 மந்திரியின் வழியை மறிக்கவும் இனி முடியாது. மாட்டிக்கொண்ட எஃப்8 குதிரை எங்கே ஓடிவிடப் போகிறது? இ6 சிப்பாயை எடுத்துக்கொண்டு ராணியைத் தாக்கினால், ராணி எச்4க்குப் போகும், எச்2இல் மேட். 21. எச்3 என்று தடுத்தால் ராணி ஜி3. எச்2இல் மேட் மறுபடியும் காத்திருக்கிறது, ஜி4 குதிரையை எடுத்தால் ராணி எச்4இல் மேட்.

அதனால் ஆரோனியன் எச்4 கட்டத்தைக் காக்கும் ஒரே இடத்துக்குக் குதிரையைக் கொண்டுவந்தார்: 20. குதிரை ஜி6. ஆனந்த் 20...ராணி எஃப்6, குதிரையைத் தாக்கியபடியே எச் வரிசைக்கு வேறு வழி. 21. எச்3, ராணி×ஜி6. இப்போதும் ஜி4 குதிரையைத் தொட முடியாது: 22. எச்×ஜி4 என்றால் ராணி எச்6இல் செக், அதுவே மேட். ஜி1 அடைபட்டிருக்கிறது, எச் வரிசையில் குறுக்கே வந்து நிற்க ஒரு வெள்ளைக் காய்கூட இல்லை.

22. ராணி இ2, ராணி எச்5. அடுத்து ராணி×எச்3 மேட் என்ற மிரட்டல். இந்த நிலையில் வெள்ளையின் இரண்டு சிப்பாய்களைப் பாருங்கள். எச்3 சிப்பாய் ஜி4 குதிரையை எடுக்க முடியாது, எச்5 ராணி அதைக் கட்டிப் போட்டிருக்கிறது. ஜி2 சிப்பாய் எச்3இல் எதையும் எடுக்க முடியாது, பி7 மந்திரி அதைக் கட்டிப் போட்டிருக்கிறது. ராஜாவுக்குக் காவல் நிற்கும் இருவரும் வெறும் பொம்மைகள். 23. ராணி டி3, மூன்றாம் வரிசை வழியாக எச்3ஐக் காத்து, டி4 மந்திரியையும் தாக்குகிறது. இருந்த பதில்களில் இயல்பானது அது.

23...மந்திரி இ3. ராணிக்கும் எச்3க்கும் நடுவே மந்திரி போய் அமர்ந்துவிட்டது. ஜி1ஐயும் அது இன்னும் விடவில்லை. ராணியால் எடுத்தால் குதிரை ராணியை எடுக்கும். சி1 மந்திரியால் எடுத்தால், ராணி×எச்3 செக், ராஜா ஜி1, ராணி×ஜி2 மேட். பி7 மந்திரிதான் அந்த ராணிக்குத் துணை. ஆரோனியன் ஆட்டத்தைக் கைவிட்டார்.

இனி வெள்ளையின் பக்கக் கணக்கு. ஆரோனியன் ஆடிய 23 நகர்வுகளில் அரசன் பக்கத்துக் குதிரை ஐந்து முறை நகர்ந்தது: எஃப்3, ஜி5, எச்7, எஃப்8, ஜி6. வெள்ளைக் கட்டத்து மந்திரியும் ஐந்து முறை: டி3, சி4, மறுபடி டி3, இ2, ஜி4. பத்து நகர்வுகளை விழுங்கிய அந்த இரண்டு காய்களும் பலகையை விட்டே போய்விட்டன. ஏ1 யானையும் சி1 மந்திரியும் ஒருமுறைகூட நகரவில்லை. சி1 மந்திரிக்குக் கிடைத்திருக்கக்கூடிய முதல் நகர்வே மேட்டுக்கு வழிவிடும் நகர்வாக இருந்தது என்பது கொடுமை. கறுப்பிலும் சி8 யானை 11வது நகர்வுக்குப் பிறகு அசையவில்லைதான். ஆனால் 16வது நகர்வில் மந்திரியை எடுக்க ஆரோனியன் தயங்கியதற்கு அது சி வரிசையில் நின்றதும் ஒரு காரணம். சும்மா இருந்த காய்க்கும் காத்திருந்த காய்க்கும் உள்ள வேறுபாடு அது.

வெள்ளை எங்கே தவறியது? இ2 மந்திரி நகர்வைப் பலர் சுட்டுவார்கள். நான் 12வது, 13வது நகர்வுகளுக்கே போவேன். ராணிப் பக்கம் இரண்டு காய்கள் வீட்டை விட்டு வெளியே வராதபோது, ஏற்கெனவே நகர்ந்த குதிரையை மேலும் இரண்டு முறை நகர்த்தி ஒரு ஓரச் சிப்பாயை எடுப்பதற்குப் பெரிய நியாயம் வேண்டும். கறுப்பின் சி5 நகர்வைத் தடுக்க வேண்டிய தருணத்தில் அந்தக் குதிரை சி5க்கு நேரம் கொடுத்துவிட்டது.

ஆட்டம் முடிந்தபின் ஆனந்தே ஒரு பழைய ஆட்டத்தை நினைவுகூர்ந்தார். 1907 டிசம்பரில் போலந்தின் லோட்ஸ் நகரில் ரோட்லெவிக்கு எதிராக ரூபின்ஸ்டைன் கறுப்பில் ஆடியது. டாரஷ் தற்காப்பு என்ற தொடக்கம். அங்கேயும் மந்திரிகள் பி7இலும் பி6இலும் நின்று ராஜாவின் மூலையைக் குறி வைத்தன. அங்கேயும் வெள்ளை எஃப்4 நகர்த்தியிருந்தது. குதிரை ஜி4க்கும் ராணி எச்4க்கும் வந்தன. 22...யானை×சி3 என்று ராணியையே விட்டுக்கொடுத்து, 23...யானை டி2, 25...யானை எச்3 என்று முடித்தார். ஒற்றுமை அச்சடித்ததுபோல் இருந்தாலும் ஒரு வேறுபாடு முக்கியம். ரூபின்ஸ்டைனுக்கு முன்னிலை வந்தது எதிராளியின் மெத்தனத்தால், ஏறக்குறைய இருபக்கமும் ஒரே அமைப்பாக இருந்த நிலையில் வெள்ளை ராணி டி2 போய் இ2 வந்தது, மந்திரியும் டி3க்குப் போய் சி4இல் எடுத்துத் திரும்ப டி3க்கே வந்தது, நேரம் வீணாயிற்று. ஆரோனியன் அப்படி எதையும் வீணாக்கவில்லை. குறிவைத்துத் தாக்கத்தான் போனார். அதனால் ஆனந்துக்குக் கிடைத்த நேரத்துக்கு விலை இருந்தது: முதலில் எச்7 சிப்பாய், பிறகு எஃப்8 யானை. இன்னொன்று, லோட்ஸில் முடிவைக் கொண்டுவந்தவை யானைகள். விக் ஆன் ஜீயில் ஆனந்தின் ஒரு யானை செத்துப்போயிற்று, மற்றது நகரவில்லை. மந்திரிகளும் ஒரு குதிரையும் ராணியும் போதுமானதாக இருந்தன.

இந்த ஆட்டத்தைப் பயில விரும்புபவர்களுக்கு ஒரு யோசனை. 19வது நகர்வில் வெள்ளை யானையை எடுத்த நிலையை அடுக்கி வைத்துக்கொண்டு, எஃப்5 தவிர மற்ற நகர்வுகளைக் கறுப்புக்கு ஆடிப் பாருங்கள். கணினி இல்லாமல் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வெள்ளை ராணி எச்7க்கு வருகிறதா, சி3 குதிரை இ4க்கு வருகிறதா என்று கவனித்தால், அந்தச் சிப்பாய் என்னென்ன வேலை செய்தது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

போட்டியை மேக்னஸ் கார்ல்சன் 13க்கு 10 புள்ளிகளுடன் வென்றார். இந்தத் தோல்விக்குப் பிறகும் ஆரோனியன் 8.5 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பிடித்தார். கடைசிச் சுற்றில் வாங் ஹாவிடம் தோற்ற ஆனந்த் 8 புள்ளிகளுடன் அவருக்கு அரைப்புள்ளி பின்னால் முடித்தார்.